வீட்டுக்குள்ளிருந்து திறக்கப்பட்ட கோப்பு

1

இந்தக் கதை பயத்தில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று நாட்களாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எழுதினால் கொஞ்சம் ஆறும் என்று நினைத்து, ஜெனீற்றா என்றொருத்தியை உண்டாக்கினேன்.

முதல் தொடக்கம்: "ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் ஒரு கரையோர ஊர். அலைகள் அன்று..."

[அலைகள் வேண்டாம். கடலை வைத்து மினுக்குகிற கதை இல்லை இது.]

இரண்டாம் தொடக்கம்: "ஜெனீற்றா வீட்டில் ஒரு சேர்வர் வைத்தாள். பெரிய சாமான் ஒன்றுமில்லை. தம்பி விட்டுப்போன பழைய மடிக்கணினியை அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்து, ரவுட்டரோடு இணைத்து, காணொளிகளைப் பார்த்துப் பார்த்து, எட்டு நாளில் அதைக் கோப்புகள் காக்கிற பெட்டியாக்கினாள்."

இது நிற்கட்டும்.

2

காக்க வேண்டிய கோப்பு ஒன்றே ஒன்றுதான். அல்போன்சம்மாவின் குரல், பதினொரு நிமிடம்.

அவருடைய மகன் டினேஷ் மீன்பிடித் தொழிலுக்குப் போன இடத்தில் படகிலிருந்து தவறி விழுந்து செத்தான் என்பது ஊர்க்கதை. அவன் விழவில்லை, படகில் வந்த கடத்தல் பொதிகளைப் பார்த்துவிட்டான் என்பதற்காகத் தள்ளிவிட்டார்கள் என்பது அல்போன்சம்மாவுக்குத் தெரியும். பதிவில் மூன்று பேரின் பெயரைச் சொல்கிறார். மூன்று பேரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள்.

"போனில வைச்சா ஆரும் பறிச்சுப்போடுவினம் பிள்ளை. கோட்டில வழக்குக்குக் கூப்பிடுமட்டும் நீர் கவனமா வைச்சிரும்."

"ஓம் அன்ரி. வெளியில இருந்து ஒருத்தராலும் எடுக்க ஏலாது."

ஜெனீற்றா பொய் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரக்கூடிய எல்லா வழிகளையும் மூடித்தான் வைத்திருந்தாள். உள்ளே மட்டும், சேர்வரின் அமைப்புத் திரையில் ஒரு கட்டத்துக்குள் சரி அடையாளம் போட்டாள்: வீட்டு வைஃபையில் இருப்பவர்கள் கடவுச்சொல் இல்லாமல் பார்க்கலாம். வீட்டில் இருப்பது அவள் ஒருத்திதானே.

3

பிறகு பக்கத்து வீட்டில் பஸ்ரியாம்பிள்ளை செத்துப்போனார்.

பிள்ளைகளில் மூன்று பேர் பிரான்சில். ஊரில் இருக்கிற மகள் ஞானசவுந்தரி அழுத கண்ணோடு வேலிக்கு மேலால் கேட்டாள்: "தம்பியாக்கள் அப்பாவின்ர முகத்தை வீடியோவில கடைசியாப் பாக்கோணும் எண்டு நிக்கிறாங்கள். எங்கட போனில நெற் இழுக்குதில்லை. உம்மட வைஃபையைத் தாரும்."

ஜெனீற்றா கொடுத்தாள்.* கடவுச்சொல்லை ஒரு காட்போட் மட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, பந்தல் காலில் அவளே கட்டிவிட்டாள்.

* செத்தவீட்டுக்குக் கதிரை, கேத்தில், கரண்ட் வயர் எது கேட்டாலும் இல்லை என்று சொல்லுவதில்லை. ஏன் என்று யோசிப்பதுமில்லை.

ஊர் முழுக்க வந்தது. சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் இரண்டு பேர், அல்போன்சம்மா பெயர் சொன்ன இரண்டு பேர். அல்போன்சம்மா பெண்களோடு இருந்து செபம் சொன்னார்.

4

செத்தவீடு முடிந்து எட்டாம் நாள், சேர்வரில் இடம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் போனபோதுதான் ஜெனீற்றா அதன் பதிவேட்டைத் திறந்தாள். அல்போன்சம்மாவின் கோப்பு, செத்தவீட்டன்று முற்பகல் 10.40க்குத் திறக்கப்பட்டிருந்தது. கடைசி வரை ஓடியிருந்தது. திறந்தது வீட்டுக்குள்ளிருந்து ஒரு போன். பெயர் இல்லை, வெறும் இலக்கம். அந்த நேரம் அவள்

[அந்த நேரம் நான் செத்தவீட்டில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு நின்றேன். போதும். ஜெனீற்றா என்று ஒருத்தியும் இல்லை. மட்டையைக் கட்டியது நான்தான், யூலியானா. பயத்தை இன்னொருத்தியின் தலையில் கட்டினால் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.]

உடனே அந்தச் சரி அடையாளத்தை எடுத்தேன், கடவுச்சொல்லையும் மாற்றினேன். கேட்டவருடைய காதிலிருந்து எதையும் எடுக்க முடியாது.

5

முடிவுகளை எழுதிப் பார்க்கிறேன்.

முடிவு அ: திறந்தவர் பொழுதுபோகாமல் போனை நோண்டிய ஒருவர். யாரோ கிழவி கதைக்கிறா என்று கேட்டுவிட்டு மறந்துபோனார். (பொழுதுபோகாதவர் பதினொரு நிமிடமும் கேட்பாரா?)

முடிவு ஆ: திறந்தவர் அந்த மூன்று பேரில் ஒருவர். ஒரு பின்னேரம் அவர் அல்போன்சம்மாவின் வாசல் படலையை

முடிவு இ: நான் அல்போன்சம்மாவிடம் உண்மையைச் சொல்கிறேன். அவர் அன்றைக்கே மண்கும்பானில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடுகிறார். தப்பிவிடுகிறார். என்னோடு பிறகு ஒருநாளும் கதைப்பதில்லை.

மூன்றில் நான் செய்யக்கூடியது கடைசி ஒன்றுதான். மூன்று நாளாக அதைத்தான் செய்யாமல் இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

6

இந்த இடத்தில் கதை நிற்க வேண்டியிருந்தது. சற்றுமுன் அல்போன்சம்மா படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் பெரிய விளைமீன்.

"காலமை எழும்பிப் பாத்தா எங்கட படலையில கொழுவிக் கிடக்குது, பிள்ளை. டினேஷ் போன பிறகு ஒருத்தரும் எனக்கு ஒரு மீன் தந்ததில்லை. ஆரோ நினைச்சிருக்கினம்."

"ஆரெண்டு தெரியாதோ அன்ரி?" என்று கேட்டேன். அந்தப் பதினொரு நிமிடத்தையும் கேட்டவர்தானோ?

"ஆரெண்டாலும் நல்லாயிருக்கட்டும். தனியச் சாப்பிட மனமில்லை, அதுதான் இஞ்ச கொண்டுவந்தனான். கத்தி எங்க கிடக்கு?" பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது கவனமாத்தானே இருக்குது?"

"ஓம் அன்ரி" என்றேன்.

என் வாயால் சொன்னேன். எழுதிய வசனம் இல்லை, அழிக்க முடியாது.

அவர் இப்போது என் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருக்கிறார். நான் இருக்கிற இரும்புக் கதிரையும் இந்த மேசையும் குசினியிலிருந்து பத்து அடி தூரம்கூட இல்லை. எழும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும் வரை எழும்பத் தேவையில்லை, அதனால்தான் இன்னும் எழுதுகிறேன். ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்ற சாட்டு எனக்குப் போதுமாக இருக்கிறது.

"பிள்ளை, உப்பு எங்க?" என்று கேட்கிறார்.

தயவுசெய்து இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடுங்கள்.