டீசலில் குளித்த கேம் பெட்டி

எடித் அந்தப் பழைய கேம் பெட்டியை நான் ரேடியோ திருத்தும் மேசையில் வைத்தபோது டீசல் மணத்தது. இடது புருவத்துக்கு மேல் தோல் பிளந்திருந்தது. அதன்மேல் பவுடர் அப்பியிருந்தாள்.

"அண்ணா, இதில லைற் பத்துதில்லை. அவர் கடலால வாறதுக்குள்ள பத்தப் பண்ணித் தா."

"பத்தாட்டி?"

கதிரையின் நுனியில் மட்டும் இருந்தாள். ஓடவேண்டி வந்தால் எழும்ப நேரம் வீணாகக்கூடாது என்பதுபோல.

என் தங்கையின் புருஷன் றொசாந்தனைப் பேசாலையில் எல்லோருக்கும் பிடிக்கும். நல்லாய்ப் பந்தடிப்பான். திருநாளில் மாதாவின் சுரூபம் தூக்க முதல் ஆளாய் நிற்பான். அடிப்பது வீட்டுக்குள்ளே மட்டும்தான். இந்தப் பெட்டி அவனுடைய அண்ணன் றோய் வைத்திருந்தது. றோய் கடலோடு போனபிறகு ஒவ்வொரு பின்னேரமும் றொசாந்தன் இதை ரீவியில் பூட்டி விளையாடுவான். அந்த நேரத்தில் மட்டும் எடித் நிம்மதியாகச் சமைப்பாள்.

"டீசல் ஆர் ஊத்தினது?"

"அவர்தான். நேற்றுக் கோவத்தில எறிஞ்சவர். உள்ள இருந்த கேம் கசெற்றோட கருவாட்டு உப்புத் தொட்டிக்க விழுந்திட்டுது. பிறகு அழுதழுது எடுத்து, நல்ல தண்ணியில கழுவி, டீசல் பூசி வெயில்ல வச்சவர்."

கடலில் விழுந்த எஞ்சினுக்கு இங்கே எல்லோரும் செய்கிற வைத்தியம் அது. எஞ்சின் தப்பிவிடும்.

"ஆருக்கு எறிஞ்சவன்?"

"எனக்குத்தான்."

மூடியைக் கழற்றினேன். வெடித்த மூலையில் நீளமான தலைமயிர் மூன்று நான்கு சிக்கி, காய்ந்த இரத்தத்தோடு ஒட்டியிருந்தன. எடித் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் குறட்டால் பிடுங்கித் துடைத்தேன். சவத்தைக் குளிப்பாட்டுகிற மாதிரி இருந்தது.

அடப்டரில் மீற்றரை வைத்தேன். கரண்ட் வந்தது. சுவிச்சைத் தாண்டியும் வந்தது. பியூசுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. உப்பு அதைப் பச்சையாகத் தின்றிருந்தது. பல்துலக்கும் பிரஷ்சில் ஸ்பிரிட் நனைத்து டீசலை உரஞ்சி எடுத்தேன். பியூசை மாற்றியும் பத்தவில்லை. கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற மூன்றுகால் சாமானும் செத்திருந்தது. பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றி, ஈயம் உருக்கி ஒட்டினேன். சிவப்பு லைற் எரிந்தது.

எடித் பெரிதாக மூச்சு விட்டாள். "மாதாவே" என்றாள்.

"வீட்ட போகாத. இஞ்ச இரு."

"லைற் எரியுதுதானே அண்ணா. இனிப் பயமில்லை."

கடலால் வந்த கையோடு றொசாந்தன் சரத்தை மடித்துக் கட்டியபடி வாசலிலேயே சிரித்தான். "டேய் மச்சான், எரியுதடா! நான் டீசல் அடிச்சதாலதான் தப்பினது. நீ சும்மா ஆணி கழட்டிப் பூட்டினனீ."

"ஓம்" என்றாள் எடித் உடனே.

அவன் மடியிலிருந்து கசெற்றை எடுத்துச் செருகி என் ரீவியின் முன்னால் சப்பாணி கட்டினான். படம் வந்தது. பாட்டு வந்தது. விளையாடியவர்களின் பெயர் வரும் இடம் வெறுமையாக இருந்தது.

"அண்ணன்ர பேர் எங்க?"

அவன் ரீவிக்கு இன்னும் கிட்ட நகர்ந்தான்.

"ஆறாவது கட்டம் வரை வந்து பேர் போட்டவன். எங்கயடா?"

"கசெற்றுக்குள்ள ஒரு சின்ன பற்றரி இருக்கு. அதுதான் பேரை வச்சிருக்கிறது. உப்புத் தண்ணி அதையும் திண்டிட்டுது. இனி வராது."

தொட்டிக்குள் எறிந்தது யார் என்று அவனுக்குத் தெரியும். அவன் முகத்தில் அது தெரிந்தது, ஒரு நொடி. பிறகு திரும்பி எடித்தின் பின்னலைப் பிடித்தான்.

"உன்னாலயடி. நீ வாய் காட்டினதாலதான்."

மேசை விளிம்பில் அவள் முகம் மோதிய சத்தம் ஈரமாக இருந்தது. இரண்டாவது தரம் தலையை இழுத்தபோது நான் இன்னும் கரண்டில் கிடந்த ஈயம் உருக்கும் கோலை எடுத்து அவன் புறங்கையில் வைத்து அழுத்தினேன். தோல் சீறியது. அவன் அலறியும் நான் கோலை எடுக்கவில்லை. விரல்கள் பின்னலை விட்டபிறகும் எடுக்கவில்லை. பொரிந்த இறைச்சி மணத்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

அவன் கிணற்றடிக்கு ஓடி, சுவரில் சாய்ந்து, குழந்தைபோல் தேம்பினான். அயலட்டைப் பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள்.

எடித் நிலத்தில் இருந்தாள். மூக்கிலிருந்து இரத்தம் சட்டையில் சொட்டியது. துடைக்கலாம் என்று துணியை எடுத்துக் குனிந்தேன்.

அவள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள்.