ஒப்புதல் பெற்ற உரை

என்னைக் கார்டிலிருந்து தூக்கியெறிந்த அதே சங்கம், நாலு மாதம் கழித்து, அமைச்சருக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு நிற்க என்னைக் கூப்பிட்டது. சிவப்பு ஜாக்கெட் போட்டுக்கொண்டு வரவும், துடுப்பையும் மறக்காமல் கொண்டுவரவும் என்று மின்னஞ்சல். கீழே ஒரு சிரிப்பு முகம் வேறு.

அது வந்தபோது நான் காபிக் கடை ஜன்னலில் நின்று, வரிசையாக வந்த கார்களுக்குக் கோப்பை நீட்டிக்கொண்டிருந்தேன். காலை ஐந்தரை மணி. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். காரிலிருந்த மனிதர் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து முறைத்தார். அவருக்கு ஒரு டோனட் இலவசமாகக் கொடுத்துச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

கார்டு என்றால் கனடா அரசு எங்களைப் போன்றவர்களுக்கு மாதாமாதம் தருகிற உதவித்தொகை. யாருக்குத் தரலாம் என்று எழுதி அனுப்புவது எங்கள் படகுச் சங்கம். நான் கனூ என்கிற ஒல்லிப் படகு ஓட்டுகிறவள். ஒற்றை முழங்காலில் நின்று, ஒரே பக்கம் துடுப்புப் போட்டு, இருநூறு மீட்டர். ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிடத்துக்காகப் பதினோரு வருடமாக முழங்கால் தோலை உரித்துக்கொண்டிருக்கிறேன். ஒலிம்பிக் தேர்வுப் போட்டி ஜூனில். கார்டு உள்ளவர்கள் எல்லோரும் ஜனவரியிலேயே ஃபுளோரிடாவுக்குப் போய் வெயிலில் துடுப்புப் போட்டார்கள். நான் எங்கள் ஊர் டார்ட்மத்தில், ஏரி உறைந்து கிடக்க, நிலவறையில் ஒரு துடுப்புப் பயிற்சி இயந்திரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்த குற்றம் என்ன? போன ஆகஸ்டில் சைக்கிளிலிருந்து விழுந்து மணிக்கட்டு எலும்பு உடைந்தது. அடிபட்டால் முப்பது நாளுக்குள் சங்கத்துக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் கார்டு தொடரும். மயக்கம் தெளிந்த அன்றே ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து கிரஹாம் ஹென்னபெரிக்குப் போன் போட்டேன். சங்கத்தின் பயிற்சித் தலைவர் அவர். "பேப்பர் வேலையெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ ரெஸ்ட் எடும்மா" என்றார். டிசம்பரில் அவரிடமிருந்தே கடிதம் வந்தது. அடிபட்ட சேதியே அவருக்கு வரவில்லையாம், அதனால் கார்டு இல்லையாம். மேல்முறையீடு செய்தேன். விசாரணை மே மாதம். என்னிடம் ஆதாரம் என்று ஒரு துரும்பும் கிடையாது. அவர் சொன்னதும் நான் சொன்னதும்தான்.

எனவே நிகழ்ச்சிக்குப் போனேன். ஜாக்கெட் பையில் அந்த டிசம்பர் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டேன். எதற்கு என்றால், சமயம் கிடைத்தால் கிரஹாம் முகத்தில் வீசுவதற்கு. அவ்வளவுதான் என் திட்டம்.

ஏப்ரல் கடைசி. பனிக்கட்டி உருகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, ஏரிக் காற்று காதை அறுத்தது. படகுக் கொட்டகைக்கு முன்னால் மேடை, கொடிகள், மைக். ரோனா ஏற்கெனவே வந்திருந்தாள். என் கூடவே வளர்ந்தவள், கார்டு உள்ளவள், ஃபுளோரிடா வெயிலில் முகம் நன்றாகவே கறுத்திருந்தது.

"நீ எதுக்குடி வந்தே? உன்னைத்தான் தூக்கிட்டாங்களே!"

"கூப்பிட்டாங்க, வந்தேன். ஓசி சாப்பாடு வேற. நீ ஏன் வறுத்த கோழி மாதிரி இருக்கே?"

"வயித்தெரிச்சல்டி உனக்கு."

"ஆமா. நல்லாவே எரியுது."

ஒரு இளம்பெண் கோப்பும் கையுமாக ஓடி வந்தாள். பெயர் டானிக். ஆட்டவாவிலிருந்து வந்தவள், சங்கத்தில் விளம்பர வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. அவள் கையிலிருந்த பட்டியலை எட்டிப் பார்த்தேன். போன வருடத்துப் பட்டியல், என் பெயர் இன்னும் அதில் இருந்தது. விஷயம் விளங்கிவிட்டது.

"ஜோர்ஜா பூட்லியர்தானே நீங்க? அமைச்சர் உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். நீங்க ஒரு நிமிஷம் பேசணும். நாங்களே எழுதிட்டோம், கிரஹாம் பாத்துக் கையெழுத்தும் போட்டுட்டார். தயவு பண்ணி ஒரு வார்த்தைகூட மாத்தாம அப்படியே படிச்சிடுங்க."

"அப்படியேவா?"

"அப்படியே!"

படித்துப் பார்த்தேன். இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன். திரும்பவும் படித்தேன்.

"டானிக், இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க ஃபைல்ல இருந்துதான். நீங்க போன் பண்ணினதைக் கிரஹாமே தேதி போட்டுக் குறிச்சு வெச்சிருக்கார். எனக்குக் கண்ணுல தண்ணியே வந்திருச்சு தெரியுமா?"

எனக்கும்தான் வந்தது. காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

கிரஹாம் அப்போதுதான் காரிலிருந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த காபி சட்டையில் சிந்தியது. முழங்கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"உன்னை யாரு இங்க கூப்பிட்டது?"

"நீங்கதான். பாருங்க, கையெழுத்து."

தாளின் அடியை மட்டும் பார்த்தார். மேலே என்ன இருக்கிறது என்று படிக்கவில்லை. அந்த மனிதர் எதையுமே படிப்பதில்லை. அமைச்சர் பேச்சில் என் பெயர் ஏறிவிட்டது, இனி மாற்ற நேரமில்லை என்பது அவருக்கும் தெரியும். குரலைத் தணித்தார்.

"இதோ பாரு ஜோர்ஜா. நல்ல பொண்ணா இதைப் படிச்சிட்டு, சிரிச்சிட்டு இறங்கு. விசாரணையில நான் ஒரு வார்த்தை சொன்னா போதும், கார்டு உன் கையில."

"அந்த ஒரு வார்த்தையை இப்பவே எழுதிக் குடுங்க."

"என்மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"இருந்துச்சு. ஆகஸ்ட்ல."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு இன்னும் எரிகிறது.

எனக்கு அந்தக் கார்டு வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கார்டு இல்லாமல் ஜூனில் என்னால் ஜெயிக்க முடியாது. விடியும் முன் காபி ஊற்றிவிட்டு வந்து துடுப்புப் போடுகிற கைக்கும், தூங்கி எழுந்து வந்து போடுகிற கைக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவர் சொன்னபடி படித்துவிட்டு இறங்கினால் கிடைத்தாலும் கிடைக்கும். முறைத்துக்கொண்டால் விசாரணையில் அவர் என்னை ஒரேயடியாகப் பொய்க்காரி ஆக்கிவிடுவார். கொட்டகைச் சுவரில் சாய்ந்தபடி இதையெல்லாம் யோசித்தேன்.

பிறகுதான், அவர் சொன்னபடியே செய்வது என்று முடிவு செய்தேன். வரிக்கு வரி, அப்படியே.

அமைச்சர் பேசினார், வீரர்களே நாட்டின் பெருமை என்றார், என் பெயரைச் சொன்னார். பாவம், 'புட்டிலர்' என்று சொன்னார். நான் மைக் முன்னால் போய் நின்று படித்தேன்.

"சென்ற ஆகஸ்டில் என் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்த அன்றே சங்கத்துக்குத் தெரிவித்தேன். திரு. கிரஹாம் ஹென்னபெரி அந்த நிமிடமே எனக்குத் தைரியம் சொன்னார். அன்று முதல் இன்றுவரை சங்கம் என் கையை விடவில்லை. என் கார்டு எனக்குத் துணையாக நின்றது. நன்றி."

பலத்த கைதட்டல். அமைச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் பையிலிருந்து அடுத்த தாளை எடுத்துப் பிரித்தேன். அதே குரலில், அதே சிரிப்போடு தொடர்ந்தேன்.

"டிசம்பர் பதினொன்று. அன்புள்ள ஜோர்ஜா பூட்லியர். தங்களுக்குக் காயம் ஏற்பட்டதாக இந்த அலுவலகத்துக்கு எக்காலத்திலும் எந்தத் தகவலும் வரவில்லை. ஆகவே தங்கள் கார்டு நீட்டிக்கப்படாது. இப்படிக்கு, கிரஹாம் ஹென்னபெரி."

இரண்டு தாளையும் மடித்தேன். என் சொந்த வார்த்தை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை.

யாரும் கைதட்டவில்லை. அமைச்சர் பாதி தட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். டானிக் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது என் பின்னாலிருந்து ஒரே ஒருத்தி தட்ட ஆரம்பித்தாள். நிதானமாக, அழுத்தமாக. சங்கத்தைப் பொதுவெளியில் சங்கடப்படுத்த மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டு, அந்தக் கார்டில்தான் வாடகை கட்டுகிற ரோனா. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, பார்த்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கையைத் தூக்கினார். "கிரஹாம், இதுல எது உண்மை?"

கிரஹாம் ஏரியைப் பார்த்தார். ஏரி ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மே மாத விசாரணை தொலைபேசியில் நடந்தது. நடுவர் வின்னிபெக்கிலிருந்து பேசிய ஒரு வழக்கறிஞர் அம்மா. நான் இரண்டு நோட்டுப் பக்கம் எழுதித் தயாராக இருந்தேன், எதற்கும் தேவைப்படவில்லை. இரண்டு தாளையும் முன்பே அவருக்கு அனுப்பியிருந்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"மிஸ்டர் ஹென்னபெரி, ரெண்டு தாள்லயும் இருக்கிறது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா."

கார்டு வந்தது, ஜனவரியிலிருந்து கணக்கிட்டு. ரோனாவின் கார்டையும் யாரும் தொடவில்லை. தொட்டால் இன்னொரு மைக் முளைக்கும் என்று பயம். காபிக் கடையில் ஏப்ரனைக் கழற்றிக் கொடுத்தேன். கார்டோடு புது ஒப்பந்தமும் வந்தது. அதில் புதிதாக ஒரு விதி: பொது நிகழ்ச்சிகளில் வீரர்கள், சங்கத்தின் கையெழுத்துப் பெற்ற வாசகத்தை மட்டுமே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் படிக்க வேண்டும்.

படகை இறக்கும்போது ரோனாவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கொதித்தாள்.

"வாய்க்குப் பூட்டு போடறாங்கடி! இதுலபோய் யாராவது கையெழுத்து போடுவாங்களா?"

"நான் போட்டுட்டேன்."

"அடிப்பாவி! ஏன்டி?"

"அன்னிக்கு நான் வேற என்னடி செஞ்சேன்?" என்றேன். முழங்காலைப் படகில் ஊன்றித் துடுப்பை எடுத்தேன். "அடுத்த தடவையும் கூப்பிடட்டும். ஒரு வார்த்தை மாத்தாம படிக்கிறேன்."