முதல் முன்பதிவு

என் முதல் முன்பதிவு வந்தபோது என் தலைமுடி அக்கா புருஷனின் கையில் இருந்தது. கொத்தாகச் சுருட்டிப் பிடித்திருந்தார். டயர் கடைக்காரரின் கை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்புப் போகாது, ரப்பர் வாடை போகாது. அதற்குள் ஒருமுறை என் முகத்தைச் சுவரில் மோதியிருந்தார். மூக்கிலிருந்து இறங்கிய ரத்தம் மேலுதட்டில் உப்புக் கரித்தது. "எங்கடி போனா உங்கக்கா?" என்று ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ கேட்டார். நல்ல மத்தியானம். வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. அண்ணன் வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது, அவன் கவலை அதுதான். அம்மா அடுப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, மூஞ்சில அடிக்காதீங்க மாப்ள" என்றாள். வேறு எங்கே அடிக்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுத்தாலும் கொடுத்திருப்பாள். அப்போதுதான் கட்டில் மேல் கிடந்த என் போன் ஒரு தடவை உறுமியது.

எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி. 'படிச்சவ' என்ற சொல்லை எங்கள் வீட்டில் குடை மாதிரி வைத்திருந்தார்கள். விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றால் விரிப்பார்கள், முடிந்ததும் மடக்கிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவார்கள். வேலைக்கு அலைந்து செருப்புத் தேய்ந்த பிறகு நானே ஒரு பயண இணையதளம் ஆரம்பித்தேன். நான் எந்த ஊருக்கும் போனதில்லை. பரீட்சை எழுதப் போன பக்கத்து ஊர்தான் என் உலகப் பயணம். ஆனாலும் எந்த லாட்ஜில் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும், எதில் காலையில் வெந்நீர் வரும் என்றெல்லாம் பார்த்தவள் மாதிரி எழுதினேன். அங்கே தங்கியவர்கள் எழுதிப் போட்டதைப் பொறுக்கிச் சேர்த்ததுதான் எல்லாம். ஒவ்வொரு லாட்ஜுக்குக் கீழேயும் எனக்கென்று ஒரு லிங்க் இருக்கும். அறை பதிவு செய்யும் பெரிய கம்பெனி கொடுத்தது. அதைத் தொட்டு உள்ளே போய் யாராவது அறை எடுத்தால் எனக்குக் கமிஷன். நாலு மாதத்தில் அறுபது பக்கம் எழுதியிருந்தேன். யாரும் எடுக்கவில்லை. போனில் இருந்த நெட் மெயில் பார்க்கத்தான் காணும். லேப்டாப்புக்குப் பக்கத்து வீட்டு வைஃபை, அது எங்கள் வீட்டில் குளியலறை வாசல் வரைக்கும்தான் எட்டும். அங்கே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுவேன். "டிகிரி முடிச்சவ கக்கூஸ் வாசல்ல கம்பெனி நடத்துறா. நாம உள்ள போகணும்னா மேனேஜர்கிட்ட லீவ் லெட்டர் குடுக்கணும்" என்று அண்ணன் வேன் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருந்தான்.

அக்கா அன்று காலையில்தான் கிளம்பினாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் மூன்று தடவை இந்த வீட்டுக்கு ஓடி வந்தாள். முதல் தடவை காது, இரண்டாவது தடவை கதவிடுக்கில் வைத்து நசுக்கிய இரண்டு விரல், மூன்றாவது தடவை, போன வாரம், உதடு. மூன்று தடவையும் அம்மா தலை வாரிவிட்டாள், அண்ணன் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். நாலாவது தடவை அவள் இங்கே வரவில்லை. ஒற்றைப் பையோடு பஸ் ஸ்டாண்டில் என் எதிரே நின்றாள். மலை ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் சமையல் வேலை, அடுத்த வாரம் சேர வேண்டும், அதுவரை தங்க ஓர் அறை வேண்டும். பஸ் கிளம்பும்போது நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரூம் போடும்போது என் லிங்க் வழியாப் போடுக்கா. மறந்துராத" என்றேன்.

"உசுரக் கையில புடிச்சுக்கிட்டு ஓடுறேன், இவளுக்கு வியாபாரத்தப் பாரு" என்று சிரித்தாள். தையல் போட்ட உதடு இழுத்ததால் சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள்.

நாலு மாதமாக என் முன்பதிவுக் கணக்கில் நின்ற பூஜ்யம் ஒன்றாக மாறுவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு பெண் உயிருக்குப் பயந்து ஓடும்போது எந்த மடச்சியாவது இதைக் கேட்பாளா? நான் கேட்டேன். அவளும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே மறக்காமல் செய்திருந்தாள்.

அக்கா புருஷன் கட்டிலிலிருந்து என் போனை எடுத்தார். கம்பெனி எனக்கு அனுப்பிய மெயில் அப்படியே விரிந்தது. மேலே ஒரு கட்டில் படம், கீழே ஆங்கிலத்தில் வாழ்த்து, அதற்குக் கீழே லாட்ஜ் பெயர், ஊர், தேதி. அவருக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் டயர் நம்பர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எண்கள் தண்ணிபட்ட பாடு. "இன்னிக்குத் தேதி போட்டிருக்கு. ஏழு நாள் கழிச்சு இன்னொரு தேதி. நடுவுல கட்டில்" என்று கட்டை விரலால் திரையை அழுத்திக் காட்டினார். பிறகு போனை என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "பட்டதாரிதானே? படி."

படித்தேன். தேதியை மாற்ற முடியாது, அதை அப்படியே சொன்னேன். மலை ஊரின் பெயர் இருந்த இடத்தில் கடற்கரை ஊரின் பெயரைச் சொன்னேன். லாட்ஜ் பெயர் வேண்டுமே? அறுபது பக்கத்திலிருந்து நாக்கு தானாக ஒன்றைப் பிடித்தது. கலங்கரை விளக்கத்துக்கு எதிரே இருக்கும் லாட்ஜ். நான் எழுதிய முதல் பக்கம் அதைப் பற்றித்தான்.

"மறுபடி படி."

ஒரு சொல் பிசகாமல் மறுபடி படித்தேன். பதினைந்து வருடப் படிப்பில் இவ்வளவு சுத்தமாக எதையும் ஒப்பித்ததில்லை.

"கடலா?" அவர் பிடி இறுகியது. முடி வேரோடு வந்துவிடும் போலிருந்தது. "தண்ணின்னாலே பயந்து சாவா. அவ கடலுக்குப் போவாளா? ஏமாத்துறியா?"

"போன வாரம்கூடக் கடல் பாக்கணும்னு சொல்லிட்டிருந்தா மாப்ள" என்றது அம்மாவின் குரல். "நான்தான் வாய மூடுடின்னேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். மூன்று தடவை மகளைத் தலை வாரி அனுப்பிய மாமியார் பொய் சொல்வாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கே தோன்றியதில்லை. என் முடியை விட்டார். போனைச் சுவரில் ஓங்கி அடித்தார், கீழே விழுந்ததை மிதித்தார். "இனி நீ எப்படி அவளுக்குத் தகவல் சொல்றேன்னு பாக்குறேன்" என்றார். அந்த மெயிலை இன்னொருவரிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவர் ஆத்திரம் அதைத் தூள் தூளாக்கியது. அண்ணனின் வேன் கடற்கரை ஊருக்குக் கிளம்பும்போது அவர் மடியில் சக்கரம் கழற்றும் வீல் ஸ்பேனர் இருந்தது.

அம்மா ஈரத்துணியால் என் மூக்கைத் துடைத்தாள். "மலைக்குத்தானே?" என்று காதோரமாகக் கேட்டாள். தலையாட்டினேன். உடைந்த போனின் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி அள்ளினாள்.

மறுநாள் காலையில் வாளி மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தபோது அக்காவின் மெயில் இருந்தது. 'வந்துட்டேன். வெந்நீர் வருது, நீ எழுதினது சரிதான்.' பதினோரு மணிக்கு அண்ணன் தனியாக வந்தான். சட்டை முன்பக்கம் ரத்தம் பழுப்பாகக் காய்ந்து விறைத்திருந்தது. சொம்புத் தண்ணீரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான்.

"அவரப் போலீஸ் புடிச்சு வச்சிருக்கு" என்றான். "கதவு கதவா உடைச்சுட்டுப் போனாரு. பெட்ஷீட் மாத்துற அம்மா ஒண்ணு, வயசானது. உள்ள பொம்பளைங்க இருக்காங்க, நில்லுய்யான்னு கைய விரிச்சுக்கிட்டு நின்னுச்சு. இவதான் அவள ஒளிச்சு வச்சிருக்கான்னு…" சொம்பைக் கீழே வைத்தான். "கையில ரெண்டு போட்டாரு. முழங்கைக்குக் கீழ அப்படியே திரும்பிப்போச்சு. அப்புறம் லாட்ஜ்காரனுங்க சேர்ந்து அவரப் பொளந்துட்டானுங்க."

"நீ என்ன பண்ணின?"

"வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்."

"அந்தம்மாவ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலயா?"

"என்னை எதுக்குடி அதுல இழுக்குற? நான் அடிச்சேனா?"

என் கை முந்திக்கொண்டது. சொம்பை எடுத்து அவன் நெற்றியில் அடித்தேன். இரண்டாவது அடிக்கு ஓங்கும்போது அவன் என் கழுத்தைப் பிடித்துவிட்டான். மணிக்கட்டைக் கடித்தேன். பல்லில் எலும்பு தட்டும் வரை விடவில்லை. அம்மா நடுவில் விழுந்து பிரித்தாள். அண்ணன் நெற்றியைத் தடவி விரலில் ரத்தம் பார்த்தான். அப்போதுதான் ஏதோ அவன் புத்திக்கு எட்டியது போல முகம் மாறியது.

"அங்க அவ பேர்ல ரூமே போடல" என்றான் மெதுவாக. "நீ தப்பாப் படிச்சியா, பொய்யாப் படிச்சியா?"

"பொய்யா."

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அவன் பார்வையைத் தாங்கிக்கொண்டு நின்றாள். அவன் சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"நம்ம புள்ள பொழச்சிருச்சு. அது போதும்" என்றாள் அம்மா.

எனக்குப் போதவில்லை. நான் படித்த படிப்பு, நான் எழுதிய பக்கம், நான் சொன்ன பெயர். அந்த மூன்றும் சேர்ந்துதான் அவரை அந்தக் கதவுக்கு அழைத்துப்போயின. அந்த லாட்ஜின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 'பணியாளர்கள் சிரித்த முகத்துடன் வரவேற்பார்கள்' என்று எழுதியிருந்தேன். யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியது. அந்த முகங்களில் ஒன்றைக்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை. கீழே தொலைபேசி எண் இருந்தது. அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

ஓர் ஆண் குரல் எடுத்தது. "சொல்லுங்க, ரூமா?"

"பெட்ஷீட் மாத்துற அம்மா… அவங்க எப்படி இருக்காங்க?"

"ஒரு நிமிஷம்" என்றது அந்தக் குரல். பிறகு படியேறும் செருப்புச் சத்தம், யாரிடமோ போனைக் கொடுக்கும் சத்தம்.

"நான் அவங்க பொண்ணு" என்றது ஒரு பெண் குரல். என் வயதுதான் இருக்கும். மூச்சு வாங்கியது. "அம்மாவுக்கு ஆபரேஷன் நடக்குது. பதினெட்டு ரூம் அப்படியே கெடக்குதுன்னு அவங்க எடத்துக்கு நான் வந்திருக்கேன். நீங்க யாரு?"

"நான்…" என்று ஆரம்பித்தேன்.

"இருங்க, ஸ்பீக்கர்ல போடுறேன். ரெண்டு கையும் வேணும்" என்றாள். போனை எங்கோ வைத்தாள். "ம், சொல்லுங்க. கேட்டுட்டுதான் இருக்கேன்."

படீரென்று ஒரு விரிப்பை உதறினாள். காற்று நிறைந்து அது கட்டில் மேல் மெல்லத் தாழ்ந்து படிவது வரைக்கும் கேட்டது. அடுத்ததை எடுத்து உதறினாள்.