பின்னாடியே

நடுவிரல் நுனியில் ஒரு போல்ட்டை நிறுத்தி, கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இருட்டுச் சந்துக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை விரலாலேயே தேடிக்கொண்டிருக்கிறார் நாச்சிமுத்து, இதோ அகப்பட்டது, இல்லை, நழுவிவிட்டது, டிணுக்கென்று விழுந்து எண்ணெய்த் தட்டுக்குள் உருள்கிறது, அட சனியனே, உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன், காலை ஏழு மணிக்குக் குனிந்த முதுகு மணி மூன்றாகியும் நிமிரவில்லை, ரெண்டு மணி நேர வேலைதான் என்று பூங்கோதையிடம் சொன்ன வாயில் எதைப் போட்டு அடைப்பது, ஊர் உலகத்து மோட்டார் சைக்கிளுக்கெல்லாம் செயின், இந்த நாற்பது வருஷத்து ஜெர்மன் வண்டிக்கு மட்டும் பின் சக்கரத்தைச் சுற்ற ஓர் இரும்புத் தண்டு, ஷாஃப்ட்டாம், அதை மாற்ற வேண்டுமென்றால் சக்கரத்தைக் கழற்று, சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மைக் கழற்று, பாதி வண்டியைப் பிரித்துத் தரையில் போடு, எல்லாம் நாலே நாலு போல்ட்டுக்காக. சோறு ஆறுதுங்க, என்று வாசற்படியில் நின்று பூங்கோதை சொல்கிறாள், ஆச்சு புள்ள, கடைசி போல்ட்டு, என்கிறார் அவர், நாலு மணிக்கு வண்டி நிக்கோணும், இல்லீன்னா நாலரை பஸ்ஸுக்கு நான் போயிருவேன், சொல்லிப்போட்டேன், என்று உள்ளே போகிறாள் மனைவி. அவள் சொன்னால் சொன்னதுதான்.

நாளைக்கு வால்பாறையில் அவள் அப்பாவுக்குப் பதினோராம் வருஷத் திதி, போன வாரம் புது ஷாஃப்ட் பார்சலில் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு அவளாகவே சொன்னாள், இந்த வாட்டி வண்டியிலயே போலாமுங்க, பதினோரு வருஷமாக அந்தப் பின் இருக்கையில் அவள் உட்கார்ந்ததில்லை, கடைசியாக உட்கார்ந்தது மலையேறும் வழியில், நாற்பதில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு, மழை, அப்பாவுக்கு இழுத்துக்கிட்டு இருக்குது என்று போன் வந்து கிளம்பியிருக்கிறார்கள், கடக்கென்று ஒரு சத்தம், இஞ்சின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை, ஷாஃப்ட் முறிந்துவிட்டது, பின்னால் வந்த பஸ் நிற்கிறது, ஏறுங்க, வண்டி கெடக்கட்டும், என்று படியில் நனைந்தபடி அவள் கை நீட்டுகிறாள், எஸ்டேட் துரையிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வண்டியை நடுக்காட்டில் விட்டுவிட்டா, நீ போ புள்ள, நான் வண்டியப் பாத்துட்டுப் பின்னாடியே வந்தர்றேன், என்கிறார். பின்னாடியே! லாரி கிடைத்து, வண்டியை ஏற்றி, அவர் போய்ச் சேர்ந்தது மறுநாள் பொழுது சாய்ந்து. ஒரே மாப்பிள்ளை போட வேண்டிய கோடித் துணிக்காகப் பிணத்தை வைத்துக்கொண்டு மூன்று மணி வரை சனம் காத்திருந்து, கடைசியில் பங்காளி வீட்டு மாப்பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டுப் போடச் சொல்லி எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை, என்றோ ஒருநாள் ரசம் தாளித்துக்கொண்டே சொன்னாள், மிச்சம் முப்பத்தியொரு வளைவும் வாந்தி எடுத்துக்கிட்டே போனனுங்க, எலுமிச்சம்பழம் எடுத்துக் குடுக்கக்கூட ஆளில்ல. திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம்.

ஆ, பிடித்துக்கொண்டது, நாலாவது போல்ட் மரையில் ஏறிவிட்டது, அன்று முறிந்த ஷாஃப்ட்டை ஒட்டுப்போட்டு மாட்டியபோது இந்தச் சந்துக்குள் ரெண்டு விரல்கூட நுழையாமல் அழுதார், இன்றைக்கு முழுக்கையும் போகிறதே, பரவாயில்லை, கை பழகிவிட்டது என்று தன்னையே மெச்சிக்கொண்டார், முறுக்கினார், சக்கரத்தை மாட்டினார், மணி மூன்று ஐம்பது, எண்ணெய் ஊற்றினால் முடிந்தது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். துணி காயும் கம்பியில், பூங்கோதையின் ஜாக்கெட்டுக்கும் பாவாடைக்கும் நடுவில், ரெண்டு கிளிப் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது ஷாஃப்ட்டின் ரப்பர் உறை. அந்தச் சந்தை மூடுவதே அதுதான், ஷாஃப்ட்டைப் பூட்டுவதற்கு முன்னால் போட வேண்டியது, இனி போட வேண்டுமானால் மறுபடி சக்கரம், மறுபடி ஸ்விங் ஆர்ம், மறுபடி நாலு போல்ட்டு. கை சுலபமாகப் போனதன் லட்சணம் இப்போதல்லவா தெரிகிறது! அறிவிருக்கா உனக்கு, இதைக் கொண்டுபோயி ஏன் அங்க மாட்டுன, என்று கத்தினார், கழுவிக் காயப்போடச் சொன்னது நீங்கதானுங்களே, என்றாள் பூங்கோதை, ஆமாம், காலையில் சொன்னார், சொன்னதை மறந்தவரும் அவரேதான், ஸ்பேனரை விட்டெறிந்தார், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடலாமா, எண்ணெய் ஒழுகிப் பின் டயரில் பட்டால் அவளோடு சேர்ந்து பள்ளத்தில்தான் கிடக்க வேண்டும், த்தூ, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, அழுகை வருகிற மாதிரி இருந்தது. பையும் கையுமாக அவள் வந்து நின்றாள், முகத்தில் கோபமே இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை, பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, நீங்க வண்டியப் பாத்துட்டுப் பின்னாடியே வாங்க, என்றாள். குத்திக் காட்டவில்லை, அவளுக்கு அது பழகிவிட்டது.

அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டே நின்றவருக்கு என்ன தோன்றியதோ, சோப்புத் தூளை அள்ளிக் கையைத் தேய்த்தார், நகக்கண் கறுப்பு போகவில்லை, போகாவிட்டால் போகட்டும், சட்டையை மாட்டிக்கொண்டே ஓடினார், நகர்ந்துவிட்ட பஸ்ஸைத் தட்டி நிறுத்தி ஏறி, மூச்சு வாங்க அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி, என்று கேட்டாள் அவள். கெடக்கட்டும். கேட்டைச் சாத்துனீங்களா? சாத்தவில்லை. தெரியும், எதையாச்சும் ஒண்ண மறந்தாத்தான் நீங்க, என்று பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டாள், பஸ் ஆழியாறு தாண்டி மலையேறியது, ஒன்று, இரண்டு, ஒன்பதாவது வளைவில் அவர் வெளியே பார்க்கவில்லை, அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது, கண்ணை மூடிக்கொண்டு, பையில எலுமிச்சம்பழம் இருக்குது, எடுங்க, என்றாள். பைக்குள் மணிக்கட்டு வரை கையை விட்டு விரலாலேயே தேடினார், சீப்பு, விபூதிப் பொட்டலம், அப்புறம் மடிப்பு மடிப்பாக, வழவழவென்று, சோப்பு வாசத்தோடு ஒன்று, ரப்பர் உறை, இது இவள் பையில் இருந்தால் அவர் எதை மாட்டிப் பின்னாடியே வந்திருப்பார். கம்பியிலயே உட்டா காக்கா தூக்கிட்டுப் போயிருமுங்க, என்றாள் கண்ணைத் திறக்காமல். அதற்கு அடியில் பழம் அகப்பட்டது, கறுப்பு நகத்தால் தோலைக் கீறி அவள் மூக்கருகே பிடித்தார், அவள் அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் முப்பத்தியொரு வளைவு இருந்தது.