ஆச்சி வந்த நேரமும் குளியலறைப் பம்பும்

எங்கள் மாடிக் குளியலறைப் பம்பு கெட்டுப் போக வேறு நாளே கிடைக்கவில்லை. நாச்சம்மை ஆச்சி வந்த மறுநாள் காலையில்தான் அது அலற ஆரம்பித்தது. ஆச்சி என் அக்கா. செட்டியார் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

அத்தான் காலமான பிறகு ஆச்சி கிளாங்கில் தனியாக இருந்தாள். போன மாதம் குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்து, பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துத் தூக்கும்வரை தரையிலேயே கிடந்திருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி சுபாங் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஒரு வாரம் இருந்து பார்க்கிறேன், ஒத்து வந்தால் இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் காரில் ஏறினாள்.

அவள் குணம் எனக்குத் தெரியும். ரவாங்கில் மகன் வீட்டில் போய் இருந்தபோது ஒரு நாள் மிக்ஸி புகைந்தது. "நான் வந்த நேரம்" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு கிளாங்குக்குத் திரும்பிவிட்டாள். அந்த மிக்ஸி அவன் கல்யாணத்துக்கு வந்த பழைய சீர் என்பதை அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இப்போது பம்பு. எங்கள் தண்ணீர்த் தொட்டி சமையல்கட்டின் மேல்தளத்தில், மாடிப் பின்னறைச் சன்னலை ஒட்டி இருக்கிறது. குளியலறையும் ஏறக்குறைய அதே உயரம். அதனால் பம்பு போட்டால்தான் ஷவரில் தண்ணீர் கொட்டும், இல்லாவிட்டால் ஒழுகும். அந்தப் பம்பை மாட்டியது நான்தான். வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் கம்பெனியில் என்றாலும் இந்த வீட்டில் என் கை படாத ஸ்குரு கிடையாது. மெய்யம்மையைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். என் மனைவியை இந்த விஷயத்தில் கேட்க வேண்டாம்.

குழாயைத் திறந்தால் மெல்ல உறுமுகிற பம்பு அன்றைக்குக் கிறீச்சிட்டது. ஷவர் இரண்டு தடவை இருமித் துப்பிவிட்டு நின்றது. தலை நிறைய சோப்போடு நான் வெளியே வந்தேன்.

"சுங்கை வேயில இருக்கிற நாகையாவைக் கூப்பிடுங்க. அவர் பிளம்பர்லா" என்றாள் மெய்யம்மை.

"நான் போட்ட பம்புக்கு நாகையா எதுக்கு?"

"நீங்க போட்டதுனாலதான் சொல்றேன்."

கீழே ஆச்சி காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "நான் வந்த நேரம் போல."

தலையிலிருந்த சோப்பைத் துடைத்துவிட்டு ஸ்குரு டிரைவரை எடுத்தேன்.

முதலில் ஃபியூஸைப் பார்த்தேன். நன்றாக இருந்தது. குழாயில் காற்று அடைத்திருக்கும் என்று அத்தனை குழாய்களையும் திறந்துவிட்டேன். வீடு முழுக்கத் தண்ணீர் சத்தம், ஷவரில் மட்டும் இல்லை. பிறகு ஷவர் தலையைக் கழற்றினேன். உள்ளே பழுப்பு நிறத்தில் நீள நீளமாக இழைகள். எடுத்துக்கொண்டு போய் மெய்யம்மையிடம் காட்டினேன்.

"பாத்தியா, ஒன் முடி."

"என் முடி எப்படிங்க குழாய்க்குள்ள போயி ஷவர் வழியா வரும்?"

அது நியாயமான கேள்வி. அதனாலேயே எனக்குக் கோபம் வந்தது. அவளோ அந்த இழையை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"வாசமா இருக்கே" என்றாள்.

நான் காதில் வாங்கவில்லை. இப்படியே மூன்று நாள் போயிற்று. நான் எதையாவது திருகுவேன், பம்பு கொஞ்சம் ஓடும், மறுபடி அலறும். ஒவ்வோர் அலறலுக்கும் கீழேயிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. நான்காம் நாள் ஆச்சியின் பை மடித்த துணிகளோடு கட்டில்மேல் இருந்தது.

அன்று அவளும் மெய்யம்மையும் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில், பம்புக்குத் தண்ணீர் வரும் பக்கத்து மூடியைத் திறந்தேன். வடிகட்டி முழுக்க அதே இழை. சரி, தொட்டியிலிருந்துதான் வருகிறது என்று சன்னல் கம்பிக் கதவைத் திறந்து, கையை நீட்டித் தொட்டி மூடியைத் தூக்கினேன்.

உள்ளே ஒரு பெரிய கட்டு வெட்டிவேர் மிதந்துகொண்டிருந்தது. ஊறிப் பிரிந்து, பாதி இழை இழையாக உதிர்ந்திருந்தது. அதைக் கட்டியிருந்த துணி ஆச்சியின் பழைய சுங்குடிச் சேலைக் கிழிசல்.

ஆச்சி வந்த அன்று சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, குழாய்த் தண்ணீர் ஒரே மருந்து வாடை என்று நான் எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்தது. எரிந்து விழாத நாள் எனக்கு ஏது? மெய்யம்மை அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆச்சி பொருட்படுத்தியிருக்கிறாள். குடிதண்ணீர்ப் பானையில் போடுவதைத் தம்பிக்காகத் தொட்டியிலேயே போட்டிருக்கிறாள்.

இது தெரிந்தால் அவள் ஒரு நிமிஷம் இங்கே இருக்கமாட்டாள். வேரையெல்லாம் அள்ளிச் சாக்கில் கட்டிக் காரின் பின்னால் சாமான் வைக்கும் பூட்டில் ஒளித்தேன். வடிகட்டியைக் கழுவி மாட்டினேன். பம்பு சமர்த்தாக உறுமியது.

சாப்பாட்டு மேசையில் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன். "பம்பு சரியாப் போச்சு. என் தப்புதான். அன்னிக்கே ஒரு வால்வைத் தலைகீழா மாட்டிட்டேன்."

மெய்யம்மையின் கையிலிருந்த கரண்டி ரசத்துக்குள் விழுந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. ஆச்சி மோர் ஊற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆச்சி பையோடு வாசலில் நின்றாள். "தம்பி, என்னைக் கிளாங்குல கொண்டு போய் விடு."

பம்பு ஓடியும் பயனில்லை. நான் காரை எடுத்தேன். வெயிலில் பூட்டுக்குள்ளிருந்த ஈரவேர் மணம் கார் முழுக்க ஏறியது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தேன், போகவில்லை. ஆச்சி நிம்மதியாக மூச்சை இழுத்துவிட்டாள்.

"வால்வத் தலைகீழா மாட்டிட்டியாக்கும்?"

"ஆமா ஆச்சி."

"சின்ன வயசுலேருந்து ஒனக்குப் பொய் சொல்லவும் வராது, தப்பை ஒத்துக்கவும் வராது. எனக்காக ரெண்டையும் ஒண்ணாச் செஞ்சிருக்கே."

எனக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது. "அப்புறம் ஏன் ஆச்சி போறீங்க?"

"பைய காலி பண்ணிட்டு மத்த துணிய எடுத்துட்டு வர வேணாமா?"

கிளாங் வீட்டில் துணிகளோடு தன் பெரிய பித்தளை வாளியையும் சொம்பையும் தூக்கிக்கொண்டு வந்து பூட்டில் வைக்கச் சொன்னாள். சாக்கிலிருந்த வேரில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி வாளிக்குள் போட்டாள்.

"இதெதுக்கு ஆச்சி? அங்கதான் ஷவர் இருக்கே. பம்பு நல்லா ஓடுது."

"அது ஒங்களுக்கு. அந்தச் சத்தத்துக்குக் கீழ யாரு நின்னு குளிப்பா? நான் வந்த அன்னிலேருந்து கீழ குழாயடியில வாளி வச்சுத்தான் குளிக்கிறேன்."