சேதுவுக்கு விழுந்த மாலை

எங்கள் தோட்டத்து லய வீட்டுச் சேதுவுக்கு அருமையான குரல். அதை அவனே எல்லாரிடமும் சொல்லிவிடுவதால் எங்களுக்கு வேலை மிச்சம். பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் அவன்தான் பாட்டு. எண்பத்து நாலாம் வருஷத் திருவிழாவுக்கு, கோலாலம்பூரில் கேசட் போடும் நவமணி அவன் பாட்டைக் கேட்கவே வந்திருந்தார். பிடித்துவிட்டால் கேசட், அட்டையில் சேதுவின் படம்! அதற்காக அவன் கண்ணாடி முன்னால் சிரித்துப் பழகியதுகூட எனக்குத் தெரியும். சுவருக்குச் சுவர் வீடு.

லோரிதான் மேடை. ஏறுவதற்குச் சாய்வாகப் பலகை. கூடப் பாடும் கங்கா மேலே தயாராக நின்றாள். சேது ஏறவில்லை.

"ஆபீஸ் கிராணிக்கு மாலை போட்டீங்கள்ல? எனக்கும் போடுங்கண்ணே."

கோயில் தலைவர் தங்கராஜு கையைப் பிசைந்தார். "மாலையெல்லாம் முடிஞ்சுபோச்சுடா. அந்த மனுசன் காத்திருக்காரு, ஏறு லா."

"காத்திருக்கட்டும்."

மதுரை வீரனுக்கு நேர்ந்துவிட்ட கிடா, சாமந்தி மாலையோடு மரத்தடியில் கட்டிக்கிடந்தது. தலைவர் விறுவிறுவென்று போய் அதைக் கழற்றிவந்து சேதுவின் கழுத்தில் போட்டார். என்னைப் பார்த்து, "கிடா ஒண்ணும் கோவிச்சுக்காதுக்கா" என்றார்.

கோபமில்லை, பசிதான். சேது பல்லவியை எடுத்ததும் கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு பலகையில் ஏறி, அவன் நெஞ்சில் நிதானமாக மேய ஆரம்பித்தது. என் பக்கத்தில் நின்ற வேலம்மா சிரித்த சிரிப்பில் வெற்றிலையை விழுங்கிவிட்டாள். நவமணியும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி, "நிறுத்தாதீங்க தம்பி! குரல் பிரமாதம்!" என்று கத்தினார்.

சேதுவின் காதில் சிரிப்பு மட்டும்தான் விழுந்தது. "சிரிச்ச வாயால கேட்டா பாட மாட்டேன் சார். வீட்டுக்கு வந்து கேளுங்க!" மாலையை வீசிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

மைக்கைக் கங்கா எடுத்தாள். பக்கத்தில் கிடா மாலையைத் தின்று முடிக்க, இவள் பாதி பாட்டும் பாதி சிரிப்புமாகப் பாடி முடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குள் கார் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் உட்கார்ந்திருந்த சேது கால்மேல் கால் போட்டுக்கொண்டான். கார் அவன் முன்னாலேயே நின்றது. நவமணி தலையை நீட்டினார்.

"தம்பி, கங்கா வீடு எது?"

சேது வானத்தைப் பார்த்தான். நான்தான் ஓடிப்போய் வழிகாட்டினேன். கேசட் பேச்சோடு காப்பியும் அங்கேயே ஆயிற்று.

இப்போதும் சேதுவைக் கல்யாணங்களுக்குக் கூப்பிடுகிறார்கள். யாரும் சிரிக்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறான். எங்கள் தோட்டத்தில் அது நடக்கிற காரியமா?