வேதாசலத்தின் ஆடுகள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்று ஆடி மாதம் முதல் ஆம்பூரில் தனகோடி வீட்டு மேற்குச் சுவரில் ஆட்டுத்தோல் பதமாகி வந்தது. பச்சைத் தோலைச் சாய்த்து வைத்தால் மூன்றாம் நாள் எடுத்துக்கொண்டு போகலாம். சுவரில் இருந்ததெல்லாம் கரியால் போட்ட கணக்குத்தான். ஆவாரம்பட்டை வாசனை மட்டும் தெருமுனை வரைக்கும் வரும்.

அதற்கு இரண்டு வருஷம் முன்புவரை, ஆறு வருஷம் அவன் ஆபித் பாஷாவின் தோல்ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டினான். தொட்டியில் ஒரு மாதம் ஊறும் தோலை ஒரே வாரத்தில் பதமாக்கும் சுழல் பீப்பாயைச் செய்வதும் பிரிப்பதுமாக இருந்தான். அது ஒழுங்காகச் சுற்றிய அன்று அவனுக்குக் குளிர்காய்ச்சல். ஷாப்பு மேஸ்திரி வேதாசலம், அவன் அக்காள் புருஷன், தன் பெயர் வெட்டிய பித்தளைத் தகட்டை அதில் அறைந்துவிட்டான். முதலாளி சால்வை போட்டார். கூடப் பிறந்தவளைக் கட்டியவனாயிற்றே, யாரிடம் போய் அழுவது?

"இரும்ப எவன் வேணா தூக்கினு போவான். தலைக்குள்ள இருக்கிற கணக்க எப்படித் தூக்குவான்?" என்று பெண்டாட்டி கெங்கம்மாளிடம் சொல்லிச் சுத்தியலைப் போட்டான். இரண்டே வருஷத்தில், பீப்பாய் இல்லாமலே அதன் சுற்றை எண்களில் பிடித்துவிட்டான். பிடித்ததைத் தலைக்குள்ளேயே வைத்திருக்கலாம். தெருவே பார்க்கச் சுவரில் எழுதினானே, அந்தப் புத்தியை என்ன சொல்ல!

விருந்துக்கு வந்த வேதாசலம் சோற்றைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே தின்றான். தனகோடிக்குப் புரிந்துவிட்டது. மறு விருந்துக்குள் ஒரு கூட்டலைக் கழித்தலாக்கி வைத்தான். மாமன் அதையும் சேர்த்துத் தன் வீட்டுச் சுவரில் எழுதிக்கொண்டு, முந்நூறு தோலைச் சாய்த்தான். மூன்றாம் நாள் முந்நூறு ஆடுகள் எழுந்து நின்று கத்தின.

ஊர் சிரிக்கும் என்று காத்திருந்தான் தனகோடி. சனமோ திமிரி, கலவை ஊர்களிலிருந்தெல்லாம் தோலைச் சுமந்துகொண்டு வேதாசலத்தின் வாசலில் நின்றது. ஆபித் பாஷா இரண்டாம் சால்வை போட்டார்.

தனகோடி ஷாப்புக்கு ஓடினான். "மொதலாளி, அந்தத் தப்பு என்னுது! நான் வேணும்னே போட்டது!"

"தப்புன்னு நீயே சொல்றே. அவரு உசுரோட ஆடு குடுக்கிறாரு. பேஜார் பண்ணாதே, போ."

போனான். வாழ்நாளில் அவன் போட்டதிலேயே பெரிய கணக்கு அதுதான். போட்டவன் பெயர் வேதாசலம்.

மறு வருஷம் கெங்கம்மாள் நாத்தனார் வீட்டிலிருந்து ஓர் ஆட்டை ஓட்டி வந்தாள். "யாரு கணக்கா இருந்தா இன்னா, பால் கறக்குதில்ல? குடிய்யா." குடித்தான். பால் நன்றாகவே இருந்தது. அவன் தழை நீட்டினால் ஆடு தின்னும். ஆனால் வேதாசலம் தெருவில் போனால்தான் தாயைக் கண்டதுபோல் கத்தும். அதற்கும் தனகோடி பழகிக்கொண்டான்.